கடற்பாசிச் சாறு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

புயலுக்குப் பின் டர்பன் கரையில் ஒதுங்கும் பாசி கெல்ப்தானே? (சாட்ஸ்வொர்த்)

இல்லை. எக்லோனியா மாக்சிமா என்னும் கெல்ப் (பெரிய பழுப்புக் கடற்பாசி), பெங்குவேலா நீரோட்டம் குளிர்விக்கும் மேற்குக் கரையில் வளர்வது. நம் கரையைத் தொடுவதோ வெப்பமான அகுல்லாஸ் நீரோட்டம். இங்கே கிடைப்பவை உல்வா, சர்காஸம், ஹிப்னியா போன்றவை. இனத்தை உறுதி செய்யாமல் சாறு எடுக்காதீர்கள். கழிவுநீர் கலக்கும் ஆற்று முகத்துவாரங்களுக்கு அருகில் எதையும் பொறுக்காதீர்கள்.

வெயிலில் உலர்த்தலாமா? (ஃபீனிக்ஸ்)

கூடாது. பழுப்புப் பாசிகளின் நிறமியான ஃபுகோசாந்தின் ஒளியில் சிதையும். நன்னீரில் விரைவாக அலசி, நிழலில், 40 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்துங்கள்.

என் சாறு ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் நுண்ணுயிருக்கு எதிராக 14 மி.மீ. தடுப்பு வளையமும் (நுண்ணுயிர் வளராத வட்டம்), ஆம்பிசிலின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி ஏற்றிய காகித வட்டு 22 மி.மீ. வளையமும் தந்தன. என் பாசிக்கு மருந்தின் மூன்றில் இரண்டு பங்கு வலிமை உண்டு எனலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க், மாணவர்)

எழுதவே கூடாது. எந்த இனம், எந்தக் கரைப்பான், வட்டில் எத்தனை மில்லிகிராம் என்ற மூன்றையும் தெரிவிக்காமல் ஒப்பீட்டை மட்டும் கேட்கிறீர்கள். இதே குறையுடைய கடிதங்கள் எனக்கு ஓயாமல் வருகின்றன. வழக்கமான ஆம்பிசிலின் வட்டில் இருப்பது 10 மைக்ரோகிராம். மாணவர்கள் பாசிச்சாற்றைப் பெரும்பாலும் ஒன்று முதல் ஐந்து மில்லிகிராம் வரை, அதாவது மருந்தைப் போல் 100 முதல் 500 மடங்கு, ஏற்றுகிறார்கள். அவ்வளவு ஏற்றியும் வளையம் சிறிதாக இருக்கும்போது இரண்டையும் அருகருகே வைத்து விகிதம் காண்பது அறிவியல் ஆகாது. வளையத்தின் விட்டம் நுண்ணுயிரைத் தடுக்கும் திறனை மட்டும் காட்டுவதுமன்று. பொருள் தட்டிலுள்ள அகர் கூழுக்குள் எவ்வளவு பரவுகிறது என்பதையும் அது சேர்த்தே காட்டுகிறது. பழுப்புப் பாசிகளின் ஃப்ளோரோடானின்கள் என்னும் சேர்மங்களில் பெரிய மூலக்கூறுகள் அகரில் மெதுவாகவே நகர்வதால், நல்ல சாறும் சிறிய வளையம் தரக்கூடும். ஆறு மி.மீ. வட்டின் விட்டத்தையும் சேர்த்து அளந்தீர்களா என்பதைக் குறிப்பிடுங்கள். கரைப்பானை மட்டும் ஏற்றிய வட்டு ஒன்றையும் அதே தட்டில் வையுங்கள். அதன் பின் திரவ ஊடகத்தில் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவை, அதாவது நுண்ணுயிர் வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த அளவை, கண்டறியுங்கள். அந்த எண் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் மகிழ்ச்சியோடு எழுதுங்கள். ஆயிரத்தைத் தாண்டினால் மருந்து என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். தட்டில் நுண்ணுயிர் இறந்தது என்பதை நோயாளி பிழைப்பார் என்று படித்து, உண்மையான சிகிச்சையைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆகவேதான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.

அதே சாறு ஈ. கோலையிடம் ஏன் தோற்கிறது? (மெரிபேங்க்)

ஈ. கோலை போன்ற கிராம் எதிர் நுண்ணுயிர்களுக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக உண்டு. பல சேர்மங்களை அது உள்ளே விடாது.

டிபிபிஎச் சோதனையில் பச்சைச் சாறு தரும் எண்ணை நம்பலாமா? (டர்பன்)

டிபிபிஎச் என்பது ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனைச் சோதிக்க உதவும் சேர்மம்; அதன் ஊதா நிறம் மங்குவதை 517 நானோமீட்டரில் அளக்கிறோம். சாற்றின் சொந்த நிறமும் அந்த அளவீட்டில் கலந்துவிடும். டிபிபிஎச் சேர்க்காத சாற்றைத் தனியே அளந்து கழியுங்கள், அஸ்கார்பிக் அமிலத்தை (வைட்டமின் சி) ஒப்பீடாக வையுங்கள். இங்கும் கரைப்பானையும் உலர் எடையையும் எழுத மறக்காதீர்கள்.

மாத்திரைப் புட்டியில் பெரிய ‘ஓராக்’ எண் போட்டிருக்கிறது. வாங்கலாமா? (ரைலண்ட்ஸ், கேப் டவுன்)

சோதனைக்குழாயில் அளந்த ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனைக் குறிக்கும் அந்த எண்ணுக்காக வாங்காதீர்கள். உடலில் நிகழும் பயனை அது காட்டவில்லை என்பதாலேயே அமெரிக்க வேளாண்துறை 2012-இல் தன் ஓராக் பட்டியலை நீக்கியது.

தைராய்டு மருந்து உண்ணும் என் அம்மா கெல்ப் மாத்திரையும் எடுக்கிறார். (டோங்காட்)

கெல்ப் மாத்திரையை இன்றே நிறுத்தச் சொல்லி, மருத்துவரிடம் புட்டியைக் காட்டுங்கள். தைராய்டு சுரப்பி பயன்படுத்தும் அயோடின் பெரியவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 மைக்ரோகிராம் போதும்; ஒரே கிராம் உலர் கெல்ப்பில் அதைப் போல் பல மடங்கு இருக்கக்கூடும்.