80 கிராம் அரிசியா, 80 கிராம் சாதமா?

கேள்வி: எனக்கு வயது 41. உயரம் 158 செ.மீ., எடை 74 கிலோ. ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 6.1 வந்ததால், எடையைக் குறைத்தால் சர்க்கரை நோயைத் தள்ளிப்போடலாம் என்றார் டாக்டர். டிஜிட்டல் தராசு வாங்கி, சாப்பிடுவதையெல்லாம் எடை போட்டு மொபைல் ஆப்பில் பதிகிறேன். ஏழு வாரமாக ஒரு நாளும் 1,200 கலோரியைத் தாண்டவில்லை. ஆனால் எடை அப்படியே நிற்கிறது. ஒரே பருப்பை இரண்டு முறை வைத்தால் தராசு 3, 4 கிராம் வித்தியாசம் காட்டுகிறது. நகைக்கடைத் தராசு போலத் துல்லியமானது வாங்க வேண்டுமா? அரிசியை எடை போடுவதா, சாதத்தையா? எனக்குத் தைராய்டு இருக்குமோ? வீட்டில் நாங்கள் நான்கு பேர். என்னைப் பார்த்து 14 வயது மகளும் தன் தட்டை எடை போட ஆரம்பித்திருக்கிறாள். அது நல்லதுதானே? என் ஒரு நாள் கணக்கை இத்துடன் இணைத்திருக்கிறேன்.
– வாசகி, ஈரோடு

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தைவிட அந்த ஒரு நாள் கணக்குதான் எனக்கு அதிகம் சொன்னது. உங்கள் வயது, உயரம், எடை உள்ள ஒரு பெண், வீட்டு வேலையும் கொஞ்சம் நடையுமாக இருந்தால், எடை ஏறாமல் இறங்காமல் நிற்க ஒரு நாளைக்குச் சுமார் 1,900 கலோரி தேவைப்படும். நிஜமாகவே 1,200 கலோரிதான் உள்ளே போயிருந்தால் இந்த ஏழு வாரத்தில் மூன்று நான்கு கிலோ இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அப்படியானால் தினமும் ஏறக்குறைய 700 கலோரி கணக்கில் ஏறாமல் வயிற்றில் ஏறுகிறது.

நீங்கள் மறைக்கிறீர்கள் என்று நான் நினைக்கவில்லை. தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். 1992-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 1,200 கலோரிக்குள்தான் சாப்பிடுகிறோம், ஆனாலும் எடை குறையவில்லை என்று உங்களைப் போலவே சொன்ன பத்துப் பேரைச் சோதித்தார்கள். அவர்கள் உடல் கலோரியைச் செலவழிக்கும் வேகத்தில் ஒரு குறையும் இல்லை. சாப்பிட்டதில் சராசரியாக 47 சதவீதம் அவர்கள் கணக்கிலேயே வரவில்லை. ஓடியாடியதை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். வேண்டுமென்றே செய்த தப்பு என்று அதைச் சொல்லிவிட முடியாது. என்னிடம் வருகிறவர்களிலும் இதைத்தான் பார்க்கிறேன். அக்கறையோடு எழுதுகிறவர்கள் கணக்கிலும் மூன்று இடத்தில்தான் ஓட்டை இருக்கிறது.

முதல் ஓட்டை சாதம். 'ஆளுக்கு 80 கிராம் வீதம் குக்கரில் போட்டேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்திலேயே '80 கிராம் சாதம், 104 கலோரி' என்று பதிந்திருக்கிறீர்கள். நீங்கள் எடை போட்டது அரிசி. ஆப்பில் தேர்ந்தெடுத்தது சாதம். 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி. அதே அரிசி தண்ணீரைக் குடித்து இரண்டரை, மூன்று மடங்கு எடையாகிச் சாதமானபின் 100 கிராமில் 130 கலோரிதான். ஆக, உங்கள் 80 கிராம் அரிசிக்கு 280 எழுதியிருக்க வேண்டும். இந்த ஒரு வரியிலேயே 176 கலோரி காணாமல் போய்விட்டது. பருப்பு, ரவை, சேமியா, கொண்டைக்கடலை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். எந்த நிலையில் எடை போட்டீர்களோ, அதே நிலைக்கான வரியைத்தான் ஆப்பில் தேட வேண்டும்.

இரண்டாவது எண்ணெய். நாள் முழுக்கச் சேர்த்து 'எண்ணெய் 1 ஸ்பூன், 40 கலோரி' என்று இருக்கிறது. பொரியலுக்குக் காய் மட்டும் வந்திருக்கிறது, தாளிப்பு வரவில்லை. என் மேஜையில் ஒரு தராசு வைத்திருக்கிறேன். வருகிறவர்களிடம் எண்ணெய் பாட்டிலைக் கொடுத்து, "வீட்டில் ஊற்றுகிற மாதிரி ஒரு ஸ்பூன் ஊற்றுங்கள்" என்பேன். ஒருவர் 5 கிராம் ஊற்றுவார், அடுத்தவர் 13 கிராம். இரண்டு பேருக்கும் அது ஒரு ஸ்பூன்தான். எண்ணெயில் கிராமுக்கு 9 கலோரி. முதலாமவர் ஊற்றியது 45, அடுத்தவர் ஊற்றியது 117.

உங்கள் வீட்டு எண்ணெய்க் கணக்கை அறிய ஒரு சுலபமான வழி மளிகைச் சீட்டு. நான்கு பேர் இருக்கும் வீட்டில் மாதம் நான்கு லிட்டர் தீர்கிறது என்றால் ஆளுக்கு ஒரு லிட்டர். எண்ணெய் தண்ணீரைவிட லேசு, லிட்டருக்குச் சுமார் 920 கிராம்தான் நிற்கும். முப்பது நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 30 கிராம், அதாவது 275 கலோரி. நீங்கள் எழுதியது 40. உங்கள் சீட்டைப் பார்த்து இந்தக் கணக்கை இன்றே போட்டுவிடுங்கள்.

மூன்றாவது, 'காபி 2 கப், 5 கலோரி'. ஆப்பில் காபி என்று தேடினால் முதலில் வருவது பாலும் சர்க்கரையும் இல்லாத கறுப்புக் காபி. நம் வீட்டில் காபி என்றால் அது பால்தான். கொழுப்பு 6 சதவீதம் உள்ள ஃபுல் கிரீம் பால் 100 மில்லியில் 85 முதல் 90 கலோரி. இரண்டு ஸ்பூன் சர்க்கரை 40. ஒரு டம்ளருக்கு 125-க்கு மேல், இரண்டு டம்ளருக்கு 250. காபியை விடச் சொல்ல மாட்டேன். கொழுப்பு 3 சதவீதம் உள்ள டோன்டு பாலுக்கு மாறி, சர்க்கரையைப் பாதியாக்கினாலே ஒரு டம்ளர் 80-க்கு வந்துவிடும்.

மூன்றையும் கூட்டினால் 650 கலோரிக்கு மேல் வருகிறது. நான் தேடிய 700 ஏறக்குறைய கிடைத்துவிட்டது. மிச்சத்துக்கு, குழந்தை மீதம் வைத்த அரைத் தோசையும், உப்புப் பார்க்க எடுத்த இரண்டு வாய்க் குழம்பும், போகிறபோக்கில் வாயில் போட்ட வேர்க்கடலையும் போதும். 25 கிராம் கடலையிலேயே 140 கலோரி இருக்கிறது.

இனித் தராசு. நகைத்தராசு வேண்டாம். ஒரு கிராம் வரை காட்டி, 5 கிலோ வரை தாங்கும் சாதாரணச் சமையலறைத் தராசு போதும். பருப்பில் 4 கிராம் பிசகினால் 14 கலோரி. அதனால் எடை நின்றுபோகாது. எண்ணெயில் 4 கிராம் பிசகினால்தான் 36. ஆனாலும் ஒரே பொருளுக்கு வேறு வேறு எண் காட்டுகிறதென்றால், தராசு வைத்திருக்கும் இடத்தை முதலில் பாருங்கள். துணி, நியூஸ்பேப்பர், பிளாஸ்டிக் ஷீட் மேல் வைக்கக் கூடாது. ஆடாத கிரானைட் மேடையில், மின்விசிறிக் காற்று படாமல், இண்டக்ஷன் அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். பாத்திரம் தட்டின் நடுவில் உட்கார வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு வைத்தால் உள்ளே இருக்கும் உணர்கருவி தடுமாறும். கீழே ஒரு மரப்பலகை வைத்து, அதோடு சேர்த்து 'டேர்' பட்டனை அழுத்திப் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள். பேட்டரி இறங்கினாலும் எண் அலைபாயும்.

தராசு சரியா என்று பார்க்க மெடிக்கல் ஷாப்பில் ஒரு 20 மில்லி சிரிஞ்ச் வாங்குங்கள். டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்கி, ஐந்து முறை நிரப்பித் தண்ணீர் விட்டால் 100 கிராம் காட்ட வேண்டும். 98 முதல் 102 வரை வந்தால் உங்கள் தராசில் குறையில்லை.

எண்ணெயை மட்டும் வாணலியில் ஊற்றி எடை பார்க்காதீர்கள். சொட்டுச் சொட்டாக ஏறும் எடையைச் சில தராசுகள் கண்டுகொள்ளாமல் பூஜ்யத்திலேயே நிற்கும். அதற்கு மாறாக, எண்ணெய்க் கிண்ணத்தையே தராசில் வைத்து டேர் அழுத்துங்கள். தேவையான எண்ணெயை எடுத்துத் தாளித்துவிட்டுக் கிண்ணத்தைத் திரும்ப வைத்தால் 'மைனஸ் 11' என்று காட்டும். நீங்கள் எடுத்தது 11 கிராம். நெய், வெல்லம், தேங்காய்த் துருவல், கடலை எதுவானாலும் டப்பாவோடு வைத்து இப்படி எடுத்துப் பழகினால் கூடுதலாக ஒரு பாத்திரமும் கழுவ வேண்டாம். வடை, பூரி சுடும் நாளில், அடுப்பு மூட்டும் முன் வாணலியை எண்ணெயோடு எடை போட்டுக் குறித்துக்கொண்டு, சுட்டு முடித்து நன்றாக ஆறியபின் மறுபடி போடுங்கள். குறைந்த எண்ணெய் முழுவதும் பலகாரத்திலும், அதை வைத்த தாளிலும்தான் இருக்கிறது. சூடான எண்ணெயைத் தராசுக்குத் தூக்கவே தூக்காதீர்கள்.

நான்கு பேருக்கும் ஒரே குக்கரில் வைக்கும்போது உங்கள் பங்கு எவ்வளவு என்பதுதான் அடுத்த சிக்கல். வீட்டில் அடிக்கடி புழங்கும் நான்கைந்து பாத்திரங்களின் வெற்று எடையை ஒரு தடவை பார்த்து, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். குக்கர் பாத்திரம் 385 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 320 கிராம் அரிசி போட்டீர்கள். அது 1,120 கலோரி. வெந்தபின் பாத்திரத்தோடு 1,265 கிராம் நிற்கிறது. பாத்திரத்தைக் கழித்தால் சாதம் 880 கிராம். உங்கள் தட்டில் 220 கிராம் போட்டுக்கொண்டால் அது சரியாகக் கால் பங்கு, 280 கலோரி. இன்று தண்ணீர் கூடிக் குழைந்தாலும் நாளை உதிரியாக வந்தாலும் இந்தக் கணக்குத் தப்பாது. கஞ்சி வடிக்கும் வீடாக இருந்தால் கஞ்சியோடு கொஞ்சம் மாவுச்சத்து போய்விடும். அதைத் தேடிப் பிடிக்க வேண்டாம். சாம்பாருக்கும் இதே முறைதான்: போட்ட பருப்பு, எண்ணெய், தேங்காயின் கலோரியைக் கூட்டி, மொத்தச் சாம்பார் எடையால் வகுத்துவிடுங்கள்.

தோசை மாவை ஒரு மாவுக்கு ஒரு முறை கணக்கிட்டால் போதும். 400 கிராம் இட்லி அரிசிக்கு 100 கிராம் உளுந்து என்றால் மொத்தம் சுமார் 1,740 கலோரி. அரைத்தபின் மாவு 1,300 கிராம் வந்தால் 100 கிராமுக்கு 134. இங்கே கரண்டியை நம்பாதீர்கள். பொங்கிய அன்று ஒரு கரண்டி மாவில் பாதி காற்று. மூன்றாம் நாள், ஃப்ரிட்ஜில் அமர்ந்த மாவில் அதே கரண்டி கனமாக விழும். மாவுப் பாத்திரத்தைத் தராசில் வைத்து எடுத்தால் இந்த ஏமாற்றம் இல்லை. 80 கிராம் மாவு 107 கலோரி, சுற்றிலும் விடும் ஒரு சின்ன ஸ்பூன் எண்ணெய் 40. ஆக, ஒரு தோசை சுமார் 150.

எல்லாவற்றையும் எடை போட்டு அலுத்துப்போகாதீர்கள். கீரை, சுரைக்காய், பீர்க்கங்காய், வெண்டைக்காய், ரசம், நீர்மோர் இவற்றுக்குத் தராசே வேண்டாம், தாளிப்பு எண்ணெயை மட்டும் எழுதுங்கள். முட்டையை எண்ணினால் போதும், ஒன்றுக்கு 70 முதல் 75 கலோரி. வாழைப்பழத்தைத் தோல் உரித்தபின் போடுங்கள். அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோல்.

ஆப்பில் ஒரே பெயரில் பத்து வரிகள் வரும். அவற்றில் பல, யாரோ ஒரு பயனாளர் தன் போக்கில் போட்டவை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 528 இந்திய உணவுகளை ஆய்ந்து 2017-ல் ஓர் அட்டவணை வெளியிட்டது. (இந்த நிறுவனம் 1918-ல் பிறந்தது நம் குன்னூரில். 1958-ல்தான் ஹைதராபாத்துக்குப் போனது.) அந்த அட்டவணையில் உள்ள எண்களோடு ஒத்துப்போகும் வரிகளாகப் பார்த்து, நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் இருபது பொருட்களைத் தேர்ந்து ஆப்பில் சேமித்துவிடுங்கள். பிறகு தேடவே வேண்டியிருக்காது.

1,200 என்ற இலக்கையும் விட்டுவிடுங்கள். அது உங்களுக்கு மிகவும் குறைவு. அந்த அளவில் நீண்ட நாள் இருந்தால் தசை கரையும், முடி கொட்டும், பசியில் ஒரு நாள் கட்டுப்பாடு உடையும். 1,400 முதல் 1,500 வரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேளையும் பருப்பு, சுண்டல், முட்டை, தயிர், மீன் இவற்றில் ஒன்று இருக்கும்படி பாருங்கள். காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். மாதவிடாய்க்கு முன்பும், ஊறுகாய் அப்பளம் கூடிய மறுநாளும் உடலில் நீர் கோத்து ஒரு கிலோ ஏறிக் காட்டுவது சகஜம்.

இந்த முறையில் நான்கு வாரம் எழுதியும் எடை அசையவில்லை என்றால், தைராய்டு குறையைக் காட்டும் டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். களைப்பு, மலச்சிக்கல், மாதவிடாய் மாற்றம், குளிர் தாங்காமை ஏதாவது இருந்தால் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே செய்யுங்கள். எடை மெதுவாகவே இறங்கினாலும் மனம் தளராதீர்கள். உங்களைப் போல சர்க்கரை நோயின் வாசலில் நின்றவர்களை வைத்து, சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு ஓர் ஆய்வு நடத்தி 2006-ல் முடிவுகளை வெளியிட்டது. உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடை பெரிதாகக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள் விஷயத்தை நான் கடைசியில் வைத்தது, நிதானமாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக. அவள் எடை போட வேண்டாம். 14 வயதில் எலும்பு வளர்கிறது, உடல் தன் தேவைக்குப் பசி கேட்கிறது; அந்தப் பசியை எண்ணால் அடக்கப் பழகிவிட்டால் அது சில பெண்களுக்கு உணவையே வெறுக்கும் நோயாக முற்றிவிடுகிறது. திட்டாதீர்கள், கேலி செய்யாதீர்கள். "இது அம்மாவுக்கு டாக்டர் சொன்ன வைத்தியம், உனக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு, அவள் பள்ளிக்குப் போனபின் எடை போடுங்கள். அவள் எதிரில் 'இதில் எத்தனை கலோரி' என்ற பேச்சும் வேண்டாம். சாப்பாட்டைத் தவிர்க்கிறாளா, சாப்பிட்டவுடன் பாத்ரூமுக்குப் போகிறாளா, மாதவிடாய் தள்ளிப்போகிறதா, எடை இறங்குகிறதா என்று கவனியுங்கள். இதில் ஒன்று இருந்தாலும் உங்கள் எடையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அவளைக் குழந்தை நல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.