கம்பியும் கண்ணாடி மணியும் கோத்து நகை செய்கிறேன். எந்தக் கலைஞர்களைப் பார்த்துக் கற்கலாம்?

கம்பிச் சுருள் வாங்கியாயிற்று, மணி டப்பா வாங்கியாயிற்று, வீடியோ எல்லாம் பார்த்தாயிற்று, செய்வதெல்லாம் வீடியோவில் இருப்பது போலவே வருகிறது. உங்கள் நிலைமை இதுதானே? இல்லையென்றால் மன்னிக்கவும், எனக்கு அப்படித்தான் இருந்தது.

எல்லோரும் சொல்லும் பெயர் அலெக்சாண்டர் கால்டர். காற்றில் ஆடும் சிற்பங்களுக்குப் பேர்போன அமெரிக்கர். நகை மட்டுமே சுமார் 1,800 செய்தார். சின்னப் பையனாக இருந்தபோது, தெருவில் கேபிள் வேலை பார்த்தவர்கள் போட்டுவிட்டுப் போன செம்புக் கம்பியில் அக்காவின் பொம்மைகளுக்கு நகை செய்தவர். உலோகத்தைச் சூடாக்கிப் பற்றவைப்பது அவருக்குப் பிடிக்காது. கம்பியைத் தட்டுவார், வளைப்பார், சுற்றிக் கட்டுவார். உடைந்த கண்ணாடி, பீங்கான் துண்டைக்கூட விடவில்லை. வீட்டில் பற்றவைக்கும் நெருப்பு டார்ச் பிடிக்கப் பயப்படும் என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

அப்புறம் அமெரிக்கச் சிற்பி ரூத் அசாவா. 1947-இல் மெக்சிகோ போனபோது கம்பிக் கூடை பின்னும் கிராமத்துக்காரர்களிடம் கண்ணி போடக் கற்று, அதையே பெரிய தொங்கு சிற்பங்களாக்கினார். யாரிடம் கற்றேன் என்பதை அவர் மறைக்கவில்லை. நான் மறைத்தேன்.

பத்து வருடத்துக்கு முன் புதுச்சேரி பஸ் ஸ்டாண்ட் வாசலில் பாசிமணி விற்ற நரிக்குறவர் அம்மாவிடம் மாலை வாங்கினேன். பேரம் பேசிக்கொண்டிருந்தபோதே அவர் கை நிற்கவில்லை. மணியைக் கோத்து, குறடால் ஒரு சுற்று, இன்னொரு சுற்று, வெட்டு. என் பையில் இருந்த தோட்டைக் காட்டினேன். "நுனிய உள்ள மடக்கு பாப்பா, போடுறவங்களுக்குக் குத்தும்" என்று என் கையிலேயே குறடைக் கொடுத்துச் செய்யவைத்தார். அந்தக் கடைசி மடிப்புதான் இன்றைக்கும் என் வேலையில் உருப்படியான விஷயம்.

பிறகு ஒரு கண்காட்சியில் ஸ்டால் போட்டேன்.

என்னைப் பற்றிய அட்டையில் 'கால்டரின் பாதிப்பில்' என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன். ஒரு பெண் மாலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "குறவங்க மணி மாதிரியே இருக்கே" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இது வேற, டிசைனர் பீஸ்" என்றேன். அவர் சொன்னதுதான் சரி.

இதைப் படித்துவிட்டு 'உருகி உருகி எழுதுகிறாள்' என்று சிலர் வருவீர்கள். வாருங்கள். கால்டரைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருப்பதி பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில் உலையிலிருந்து கண்ணாடிக் குழாயை இழுத்துத் துண்டாக்கி மணி செய்கிறவர்களையும் பாருங்கள் என்கிறேன். புதுச்சேரிக்குப் பக்கத்தில், எங்கள் அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த பழங்காலக் கண்ணாடி மணிகளில் பெரும்பாலானவையும் இதே போல இழுத்துச் செய்தவைதான்.

அட்டையை மாற்றி எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது, அந்த அம்மாவின் பெயரை நான் கேட்டதே இல்லை. இரண்டு முறை போய்ப் பார்த்தேன். அவர் உட்கார்ந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள்.