யுரேனியம் போதுமா? கேள்வி பதில்

கேள்வி: சுரங்கங்களிலிருந்து கிடைக்கும் யுரேனியம் அணுஉலைகளின் தேவையைவிடக் குறைவு என்கிறார்களே, பிறகு உலைகள் எப்படி ஓடுகின்றன?

பதில்: சுமார் 440 உலைகளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 65,000 டன் யுரேனியம் வேண்டியிருக்க, 2022-இல் சுரங்கங்கள் தந்தது 50,000 டன்னுக்குச் சற்றுக் குறைவு. மின் நிறுவனங்களின் கையிருப்பு, மறுசுழற்சி எரிபொருள், யுரேனியத்தில் அணு ஆற்றல் தரும் பகுதியின் விகிதத்தைக் கூட்டும் செறிவூட்டல் ஆலைகளின் சிக்கனம் ஆகியவை மிச்சத்தை ஈடுகட்டின. முன்பு இன்னொரு ஊற்றும் இருந்தது: 1993-இன் ஒப்பந்தப்படி, ரஷ்ய அணுகுண்டுகளிலிருந்து பெற்ற 500 டன் உயர்செறிவு யுரேனியம் செறிவு குறைக்கப்பட்டு, 2013 வரை அமெரிக்க உலைகளுக்குச் சென்றது. அது வற்றிவிட்டது.

கேள்வி: விலை ஏறியும் சுரங்க நிறுவனங்கள் உற்பத்தியை ஏன் உடனே கூட்டுவதில்லை?

பதில்: பட்ட சூடுதான் காரணம். 2007-இல் பவுண்டுக்கு 130 டாலரைத் தாண்டிய விலை, ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் சரிந்து, 2016-இல் 20 டாலருக்கும் கீழே போயிற்று. கனடாவின் மெக்ஆர்தர் ரிவர் சுரங்கம், தாதுவளம் மிகுந்திருந்தும், 2018-இல் நிறுத்தப்பட்டு 2022-இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. 2024 ஜனவரியில் விலை 100 டாலரைக் கடந்தபோதும், அந்த உடனடிச் சந்தை விலையை நம்பிப் புதிய சுரங்கம் தோண்ட எளிதில் எவரும் துணியவில்லை. நீண்டகால ஒப்பந்தம் கையில் இருந்தால்தான் முதலீடு வரும். பணம் வந்தாலும் பூமி ஒத்துழைக்க வேண்டும். கனடாவின் சிகார் லேக்கில் 1981-இலேயே தாது கண்டறியப்பட்டது; கட்டுமானத்தின்போது 2006-இல் நீர் புகுந்து சுரங்கம் மூழ்கிவிட, உற்பத்தி தொடங்க 2014 ஆயிற்று. உலக உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கைத் தரும் கஜகஸ்தானில் சுரங்கமே தோண்டுவதில்லை. துளைக்கிணறுகள் வழியே கந்தக அமிலக் கரைசலைச் செலுத்தி, யுரேனியத்தைக் கரைத்து மேலே இறைக்கிறார்கள். செலவு குறைவு, ஆனால் அமிலத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் உற்பத்தியும் தடைப்படும்.

கேள்வி: செறிவூட்டலில் என்ன சிக்கனம் செய்ய முடியும்?

பதில்: இயற்கை யுரேனியத்தில், உலையில் பிளந்து ஆற்றல் தரும் யுரேனியம்-235 என்ற ஐசோடோப்பு (அணுவகை) 0.711 விழுக்காடுதான்; அதன் பங்கைக் கூட்டுவதே செறிவூட்டல். கழிவில் 0.3 விழுக்காட்டை விட்டுவிட்டால், 4.5 விழுக்காடு செறிவுள்ள ஒரு கிலோவுக்கு 10.2 கிலோ மூலப்பொருள் வேண்டும்; 0.2 வரை பிழிந்தெடுத்தால் 8.4 கிலோ போதும். அப்படிப் பிழிய, செறிவூட்டும் மையவிலக்கு எந்திரங்கள் கூடுதலாக உழைக்க வேண்டும்; அவை சும்மா இருந்த காலத்தில் இது எளிது. உலகின் செறிவூட்டும் திறனில் ஒரு பெரிய பங்கு ரஷ்யாவிடம் இருப்பதாலும், 2024-இல் அமெரிக்கா ரஷ்ய இறக்குமதிக்குத் தடைச் சட்டம் இயற்றியதாலும், மேலை நாடுகளின் ஆலைகளுக்கு அந்த ஓய்வு இனி இல்லை. என் பார்வையில், சுரங்கத்தைவிட நெருக்கடி முற்றும் இடம் இதுவே.

கேள்வி: யுரேனியம் விலை இரட்டித்தால் மின்கட்டணமும் இரட்டிக்குமா?

பதில்: இல்லை. உலையைக் கட்டும் செலவே பெரிது. யுரேனியத்தின் பங்கு மிகச் சிறிது.

கேள்வி: பூமியில் இது தீர்ந்துவிடாதா?

பதில்: கிலோவுக்கு 130 டாலருக்குள் எடுக்கத்தக்கதாக அறியப்பட்ட வளம் சுமார் 60 லட்சம் டன், இன்றைய தேவைக்கு ஏறத்தாழ 90 ஆண்டுகள். விலை உயர்ந்தால் தேடலும் கூடும், கணக்கும் மாறும். கடல்நீரிலும் யுரேனியம் உண்டு, ஆனால் டன்னுக்கு 3 மில்லிகிராம் அளவே என்பதால், லாபகரமாகப் பிரித்தெடுக்கும் வழி இன்னும் வாய்க்கவில்லை.