எச்.பி.வி பாக்க எங்க போறது, அங்க என்ன செய்வினம்?

யாழ்ப்பாணத்துக் கொக்குவில் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. வயசு 35, மிட்வைஃப் வந்து கிளினிக்குக்கு வரச்சொல்லிப்போட்டுப் போயிருக்கிறா, எச்.பி.வி எண்டதும் பயந்திட்டாவாம், இவர் சுவிஸில, வருஷத்துக்கொருக்காத்தான் வாறவர், எனக்கு ஏன் உந்த ரெஸ்ற், ஊர் என்ன கதைக்கும் எண்டு.

முதல்ல ஒண்டு, இது எச்.ஐ.வி இல்லை. பேர் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிறதால இஞ்ச கனபேர் ரெண்டையும் குழப்பிக்கொண்டு வாய் திறக்காமலே இருக்கினம். எச்.பி.வி கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ், அதில 16, 18 எண்ட ரெண்டு வகையும்தான் பத்தில ஏழு கேஸுக்குப் பின்னால நிக்குது. கலியாணம் கட்டின ஆக்களில பெரும்பாலானோருக்கு எப்பவோ ஒருக்கா வந்து, ஒண்டு ரெண்டு வருஷத்தில உடம்பே துரத்திவிடுற சாமான். போகாமத் தங்கினாத்தான் பிரச்சினை, அதுவும் புற்றாக மாற வருஷக்கணக்கு எடுக்கும், அதுக்குள்ள பிடிக்கத்தான் உங்களைக் கூப்பிடினம்.

போக வேண்டிய இடம் உங்கட எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைக்குக் கீழ நடக்கிற சுகவனிதையர் கிளினிக். காசில்லை. 35 வயசிலயும் 45 வயசிலயும் எல்லாரையும் கூப்பிடுறது நாட்டுத் திட்டம், உங்களில சந்தேகப்பட்டு இல்லை. பிரஷர், சீனி, மார்பு எல்லாம் பாப்பினம், அதோட கர்ப்பப்பைக் கழுத்தில இருந்து சாம்பிள் எடுப்பினம். ஒண்டை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கோ: எடுக்கிறது பாப் ஸ்மியரா எச்.பி.வி டி.என்.ஏ பரிசோதனையா எண்டு. கன காலமா செய்து வாறது பாப் ஸ்மியர், அது கலங்கள் மாறியிருக்கோ எண்டு பாக்கும், மற்றது வைரஸே இருக்கோ எண்டு பாக்கும். ரெண்டும் வேற, ஆனா எது கிடைச்சாலும் செய்யுங்கோ, "நல்லது வரட்டும்" எண்டு பின்னுக்குப் போடாதேங்கோ. இரத்தத்தில எச்.பி.வி பாக்கலாம் எண்டு ஆரும் சொன்னா நம்பாதேங்கோ, அப்பிடி ஒரு ரெஸ்ற் வழக்கத்தில இல்லை.

மாதவிடாய் நாளில போகாதேங்கோ, ரெண்டு நாளைக்கு முதல் இருந்து உள்ளுக்கு மருந்து, கிறீம் ஒண்டும் வைக்கவேண்டாம், உறவும் வேண்டாம். கருவி வைச்சு ஒரு சின்ன பிரஷால தடவி எடுப்பினம், ரெண்டு மூண்டு நிமிஷம், நோ எண்டு பெரிசா இல்லை, ஒரு அந்தரம்தான், மூச்சை ஆறுதலா விட்டுக்கொண்டு கிடவுங்கோ.

இனி நீங்கள் உண்மையில பயப்பிடுற விஷயம். வைரஸ் இருக்கெண்டு வந்தா அது புற்றுநோய் எண்ட றிப்போட் இல்லை. 16, 18 எண்டா நேர கொல்போஸ்கோப்பிக்கு அனுப்புவினம், அதாவது பெருப்பிச்சுக் காட்டுற கருவியால கர்ப்பப்பைக் கழுத்தை வடிவாப் பாக்கிறது. வேற வகையெண்டா வழமையா முதல்ல கலங்களைப் பாப்பினம். மாற்றம் இருந்தா அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடலாம். ஆரிட்ட இருந்து, எப்ப வந்தது எண்டு எந்த டொக்டராலயும் சொல்லேலாது, பத்து வருஷம் சத்தமில்லாமக் கிடந்திட்டும் தலைகாட்டும். அதால றிப்போட்டைக் கையில வைச்சுக்கொண்டு வட்ஸ்அப் கோலில அவரோட சண்டை பிடிக்கிறது வீண் வேலை, அவர் உங்களைச் சந்தேகப்படுறதும் அப்பிடித்தான்!

உறவுக்குப் பிறகோ, மாதவிடாய் முற்றா நிண்டாப்பிறகோ இரத்தம் பட்டா இந்தக் கிளினிக் திகதியைப் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ, நேர போதனா வைத்தியசாலையில பெண்நோயியல் டொக்டரைக் காட்டுங்கோ. மகள் அஞ்சாம் வகுப்பு எண்டு எழுதியிருந்தனீங்கள், ஆறாம் வகுப்பில பள்ளிக்கூடத்திலயே தடுப்பூசி போடுவினம், 2017 இல தொடங்கினது, ஃபோம் வந்தா ஓம் எண்டு கையெழுத்து வையுங்கோ.

பிறகு, போகேக்க பஞ்சாபியை விட பாவாடை கட்டிக்கொண்டு போங்கோ, லேசு.