சாண்ட் ஹில்ஸில் ஒரு நாள் ஆட ஏஜென்டுக்குப் பணம் அனுப்பலாமா?

கேள்வி: டென்வரில் வேலை பார்க்கிறேன். ஜூலையில் அப்பா வருகிறார். வயது 66, முப்பது வருஷமாக கோல்ஃப் ஆடுபவர். நெப்ராஸ்காவில் முல்லன் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் சாண்ட் ஹில்ஸ் கோல்ஃப் கிளப்பில் ஒரு நாளாவது ஆட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. எங்களுக்கு அங்கே யாரையும் தெரியாது. ஒரு ஏஜென்ட் இரண்டு பேருக்கு 2,400 டாலர் கேட்கிறார். பாதியை ஸெல் (வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்பும் சேவை) வழியாக முன்பணமாக அனுப்பினால் டீ டைம், அதாவது ஆட்டம் தொடங்கும் நேரம், உறுதி என்கிறார். நம்பலாமா? ஊரில் அப்பா உறுப்பினராக இருக்கும் கிளப்பின் கடிதம் உதவுமா? ஒன்றும் நடக்காவிட்டால் நேரில் போய்க் கேட்டுப் பார்க்கலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். "இன்னொரு பார்ட்டி காத்திருக்கிறார்கள், இன்று ராத்திரிக்குள் சொல்லுங்கள்" என்று அவர் அவசரப்படுத்தினாலும் அனுப்பாதீர்கள்.

அது தனியார் கிளப். இந்த மாதிரி இடங்களில் உறுப்பினர் கூப்பிட்டால்தான் விருந்தாளி வரலாம். ஆடும் நேரத்தை உறுப்பினர்தான் பதிவு செய்வார், விருந்தாளிக்கான கட்டணமும் பெரும்பாலும் அவர் கணக்கில்தான் ஏறும். அப்படியிருக்க, வெளியாள் ஒருவர் கையில் விற்பதற்கு என்ன இருக்கிறது? உங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு அப்புறம்தான் உறுப்பினர் யாரையாவது தேடப் போகிறார். இல்லாவிட்டால் தெரிந்த உறுப்பினர் ஒருவரின் பெயரைக் காசாக்குகிறார். இது கிளப்புக்குத் தெரிந்தால் அந்த உறுப்பினரின் பதவியே போகலாம், உங்கள் அப்பாவும் வாசலோடு திரும்ப வேண்டிவரும்.

இருபது வருஷமாக கோல்ஃப் பயணங்கள் ஏற்பாடு செய்கிறேன். இதே போன்ற வேறொரு கிளப்பில் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பெரியவரும் இரண்டு மகன்களும் ஐந்து மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தார்கள். பெரியவர் டிக்கி ஓரத்தில் உட்கார்ந்து ஷூ லேஸ்கூடக் கட்டி முடித்துவிட்டார். உள்ளிருந்து ஒரு பையன் வந்து, பட்டியலில் உங்கள் பெயர் இல்லை என்று மெதுவாகச் சொன்னான். ஏஜென்டின் போன் அணைந்திருந்தது. பெரியவர் ஒன்றும் பேசாமல் குனிந்து லேஸை அவிழ்த்தார். ஏஜென்ட் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு அந்தக் காட்சிதான் வரும்.

ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள். கிரெடிட் கார்டில் கட்டிய பணம் என்றால், பில் வந்த 60 நாளுக்குள் கார்டு கம்பெனியிடம் எழுத்தில் புகார் கொடுத்துப் போராட வழி இருக்கிறது. ஸெல் அப்படியில்லை. நீங்களே மனமறிந்து அனுப்பிய பணம் என்பதால் வங்கி கைவிரித்துவிடும். ஸெல்லில்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிப்பதும் அதனால்தான்.

அப்பாவின் ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது. நெப்ராஸ்காவின் அந்தப் பகுதி முழுக்க மணல் குன்றுகள். மேலே மெல்லிய போர்வை மாதிரி புல், அதன் மேல் மாட்டுப் பண்ணைகள். மாடு நடந்தோ கார் டயர் பட்டோ புல் கிழிந்த இடத்தில் காற்று நுழைந்து மணலை வாரிக்கொண்டு போகும், வருஷா வருஷம் பள்ளம் பெரிதாகும். இதற்கு அங்கே 'புளோ அவுட்' என்று பெயர். பண்ணைக்காரர்களுக்கு அது நிலத்தில் வந்த புண் மாதிரி, பழைய டயர்களைப் போட்டுக்கூட அடைக்கப் பார்ப்பார்கள். சாண்ட் ஹில்ஸ் மைதானத்தை வடிவமைத்த பில் கூரும் பென் கிரென்ஷாவும் அந்தப் பள்ளங்களையே பங்கராக, அதாவது ஆட்டத்தில் தடையாக இருக்கும் மணல் குழியாக, வைத்துக்கொண்டார்கள். நிலத்தில் 130க்கும் மேற்பட்ட ஹோல்களுக்கு இடம் கண்டுபிடித்து, அதிலிருந்து 18ஐத் தேர்ந்தெடுத்தார்கள். மண்ணை அநேகமாகத் தொடவே இல்லை. 1995இல் திறந்தது. செயற்கைக் குளம், நீரூற்று, பூப்பாத்தி எதுவும் கிடையாது. அதற்குப் பிறகு வந்த பல மைதானங்களுக்கு இதுதான் முன்மாதிரி.

சரி, நேர்மையான வழி என்ன? உறுப்பினர் ஒருவர் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். டென்வரில் உங்கள் அலுவலகத்திலும், நீங்கள் வழக்கமாக ஆடும் மைதானத்திலும் வெட்கப்படாமல் சொல்லி வையுங்கள். இந்த கிளப்பின் உறுப்பினர்கள் நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள், யாருக்கு யாரைத் தெரியும் என்று சொல்ல முடியாது. கிளப்புக்கே ஒரு பக்கக் கடிதம் எழுதுவதிலும் தவறில்லை. அப்பா யார், எத்தனை வருஷமாக ஆடுகிறார், எந்தத் தேதிகளில் இங்கே இருப்பார் என்று மட்டும் எழுதுங்கள். அதிகப் பணம் தருகிறேன் என்று ஒரு வார்த்தைகூட வரக்கூடாது. உறுப்பினர் கூப்பிட்டால்தான் என்ற இந்த முறையைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். ஆட்டம் தெரிந்த, நிலத்தை மதிக்கிற ஒரு மனிதர், தனக்கு யாரைத் தெரியும் என்பதைப் பொறுத்துத்தான் உள்ளே போக முடிகிறது. ஸ்காட்லாந்தில் பேர்போன பழைய கிளப்கள் பலவும் வாரத்தில் சில நாள் வெளியாட்களுக்குக் கட்டணத்துக்கு இடம் தருகின்றன. அதனால் அவற்றின் மதிப்பு குறைந்துவிட்டதா என்ன? அமெரிக்கர்களுக்கு இதைச் சொல்லிப் பயனில்லை.

பணம் கொடுத்து நேர்மையாகப் போக ஒரே ஒரு வழி உண்டு, அதுதான் அறக்கட்டளை ஏலம். இதில் பலரும் ஏமாறுவதால் நிதானமாகவே சொல்கிறேன். உறுப்பினர் ஒருவர் தன்னோடு ஆட மூன்று பேரை அழைக்கும் வாய்ப்பை ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடையாகக் கொடுப்பார். நிறுவனம் அதை ஏலம் விடும். பணம் நிறுவனத்துக்குப் போகும், தனி ஆள் பெயருக்கோ பயணக் கம்பெனிக்கோ போகாது. அப்படிப் போகிறது என்றால் அது ஏலமே இல்லை, விலகிவிடுங்கள். நிறுவனம் உண்மையானதா என்று வருமான வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம், ஐந்து நிமிட வேலை. ஏலம் கேட்பதற்கு முன்னால் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: உறுப்பினர் கூட வருகிறாரா, எந்த மாதங்களில் செல்லும், கேடியின் (மட்டைப் பையைச் சுமந்து வருபவர்) கூலியும் தங்கும் செலவும் யார் கணக்கு. "தேதி இருவர் சம்மதப்படி" என்று மட்டும் எழுதியிருந்தால் ஜாக்கிரதை. உறுப்பினருக்குத் தோதான நாள் செப்டம்பரில்தான் வரும், அதற்குள் உங்கள் அப்பா ஊருக்குத் திரும்பியிருப்பார். கொடுத்த தொகை முழுவதற்கும் வரிவிலக்கு என்று ஏலத்தில் யாராவது சொன்னால் அதுவும் சரியில்லை. அந்த ஆட்டத்தின் சந்தை மதிப்புக்கு மேலே கொடுத்த பகுதிக்குத்தான் விலக்கு. இன்னொன்று, ஏலப் படிவத்தைக் காட்டி 'அதே வாய்ப்பை உங்களுக்கு மாற்றித் தருகிறேன்' என்று வரும் ஆட்கள் இருக்கிறார்கள். ஏலத்தில் எடுத்தவர் பெயரை மாற்ற உறுப்பினர் ஒப்ப வேண்டும். நீங்களே அவரோடு நேரடியாகப் பேசாமல் ஒரு டாலர்கூடத் தராதீர்கள்.

ஊர் கிளப்பின் கடிதம் இங்கே எடுபடாது. இரண்டு கிளப்களுக்கும் முன்பே ஒப்பந்தம் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. ஆட்டத் திறனைக் காட்டும் ஹேண்டிகேப் சான்றிதழை மட்டும் எடுத்து வரச் சொல்லுங்கள்.

நேரில் போய்க் கேட்பதும் வேண்டாம். தனியார் நிலம், உள்ளே போகும் பாதையும் பொதுவழி அல்ல. மணல் குன்றுகளைப் பார்க்க ஆசை என்றால் நெடுஞ்சாலை 2இல் ஹையனிஸிலிருந்து முல்லன் வழியாக தெட்ஃபோர்டு வரை ஓட்டுங்கள். சாலையின் இரு பக்கமும் அதே புல், அதே குன்றுகள், யாரும் காசு கேட்க மாட்டார்கள்.

அப்பாவுக்கு நான் சொல்லும் இடம் காத்தன்பர்க் ஊரில் இருக்கும் வைல்ட் ஹார்ஸ். 1999இல் திறந்தது. வடிவமைத்தவர்கள் டேவ் ஆக்ஸ்லாண்டும் டான் பிராக்டரும். இருவருமே சாண்ட் ஹில்ஸ் கட்டும்போது அங்கே கைப்பட வேலை செய்தவர்கள். பங்கரின் பிய்ந்த ஓரங்களிலும், கிரீன் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) சுற்றியுள்ள தரையோடு சேர்ந்து வழியும் விதத்திலும் அந்தக் கை தெரியும். யார் வேண்டுமானாலும் போன் செய்து டீ டைம் வாங்கலாம். ஏஜென்ட் கேட்ட முன்பணத்தில் ஒரு சின்னப் பகுதிதான் ஆகும். இரண்டு நாள் கிடைத்தால் வாலன்டைன் பக்கம் இருக்கும் பிரெய்ரி கிளப்பையும் விசாரியுங்கள்.

பந்து உயரமான புல்லுக்குள் போனால் அப்பா உள்ளே இறங்கித் தேடக்கூடாது. அந்தப் பகுதியில் கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு, யூக்கா செடியின் முனையும் பேன்ட்டைத் தாண்டிக் குத்தும். இன்னொரு பந்தை எடுத்துக்கொள்ளட்டும். பங்கர் ஓரத்தில் ஏறி இறங்க வேண்டாம், மிதித்தால் மணல் சரியும். ஜூலையில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும், அதனால் காலையிலேயே ஆடிவிடுங்கள்.

கடைசியாக நேரக் கணக்கு. டென்வரிலிருந்து காத்தன்பர்க் சுமார் 300 மைல், ஐ-76 பிடித்து ஐ-80இல் சேர வேண்டும். வழியில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடும். காத்தன்பர்க்கில் 9 மணி என்றால் டென்வரில் 8. முல்லனில் டென்வர் நேரம்தான், ஆனால் அதற்கு அடுத்த தெட்ஃபோர்டில் மாறிவிடும். அந்த எல்லைப் பகுதியில் போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும், அதை நம்ப வேண்டாம். முதல் நாள் மாலையே போய்ச் சேர்ந்து, லாட்ஜ் ரிசப்ஷன் கடிகாரத்தைப் பார்த்து அப்பாவின் கைக்கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள்.