நிறுத்த இடம் எங்கே? ஜப்பானில் கார்: கேள்வி-பதில்

கே: 20 லட்சம் யென்னுக்குள் ஏழு பேர் உட்காரும் கார் எது நல்லது? (நிஷிகசாய், டோக்கியோ)

விலை, நிறம், மைலேஜ் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். எங்கே நிறுத்துவீர்கள் என்று ஒரு வரி இல்லை. வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இடம் காட்டி, போலீஸ் ஸ்டேஷனில் ஷாகோ ஷோமெய் என்ற நிறுத்துமிடச் சான்றிதழ் வாங்காமல் அந்தக் கார் உங்கள் பெயருக்கு வராது. முதலில் இடம், அப்புறம் கார். டோக்கியோவின் நடுப்பகுதியில் பார்க்கிங் வாடகையே மாதம் 30,000, 40,000 யென் என்று போகிறது. மாதத்தில் நாலு நாள்தான் ஓட்டுவீர்கள் என்றால் கார் ஷேரிங், அதாவது வேண்டும்போது மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் பொதுக் கார், போதும்.

கே: பக்கத்து வீட்டில் நாலு பேர், நாலு கார். டோக்கியோவில் இருக்கும் என் மேலாளரிடம் ஒன்றுகூட இல்லை. இவர்கள் பணக்காரர்களா, ஊதாரிகளா? (ஃபுகுயி)

இரண்டும் இல்லை. காரை எண்ணி வசதியை அளப்பதை எத்தனை முறை சொன்னாலும் விடமாட்டேன் என்கிறீர்களே! ஜப்பான் முழுவதற்கும் சராசரி வீட்டுக்கு ஒரு கார். உங்கள் ஃபுகுயி மாகாணத்தில் 1.7, டோயாமா, யாமகதா மாகாணங்களும் அதை ஒட்டியே. டோக்கியோவில் 0.4 சொச்சம். சம்பளம் எங்கே அதிகம் என்று உங்களுக்கே தெரியும்.

தாத்தா பாட்டியோடு சேர்ந்திருக்கும் குடும்பங்களும், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளும் உங்கள் பக்கம் அதிகம். டோக்கியோவில் ஏறக்குறைய பாதி வீடுகளில் ஒற்றை ஆள்தான். அவர் ஒரு ரயிலை விட்டால் சில நிமிடத்தில் அடுத்தது வந்துவிடும். ஷிமானே, ஹிரோஷிமா மலைகளுக்கிடையே 108 கிலோமீட்டர் ஓடிய சான்கோ ரயில் பாதையை 2018இல் மூடிவிட்டார்கள். அந்த ஊர்க்காரர் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவார்? பெட்ரோல் பங்குகளும் 1990களின் நடுவில் 60,000 இருந்தவை இன்று பாதிக்கும் கீழே. பெட்ரோல் போடவே தூரம் போக வேண்டிய ஊர்கள் இருக்கின்றன. 75 வயது தாண்டியவர்கள் லைசென்ஸைப் புதுப்பிக்க நினைவாற்றல் தேர்வு எழுத வேண்டும். அது சரிதான். ஆனால் "லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்று நகரத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறவர்கள், பஸ்ஸை யார் விடுவது என்றும் சொல்ல வேண்டும். அந்த நாலு கார்களின் நம்பர் பிளேட்டையும் பாருங்கள். பெரும்பாலும் மஞ்சளாக இருக்கும். மஞ்சள் என்றால் கேய் கார், 660 சிசிக்கு உட்பட்ட சின்ன வண்டி, ஆண்டு வரி 10,800 யென். இதில் ஊதாரித்தனம் எங்கே வந்தது?

கே: சென்னையில் பத்து வருடம் ஓட்டியிருக்கிறேன். நாகானோவில் பனிக்காலத்தில் ஓட்டுவது கஷ்டமா? (நாகானோ)

நவம்பருக்குள் ஸ்டட்லெஸ் என்ற பனிக்கால டயர் மாட்டுங்கள். அதற்கு முன் வேறு பேச்சு வேண்டாம்.

கே: இந்தியாவில் எடுத்த சர்வதேச உரிமம். வருடம் முடியுமுன் இரண்டு வாரம் ஊருக்குப் போய்ப் புதிது எடுத்து வந்தால் மறுபடி ஓட்டலாம் என்கிறார்களே? (யோகோஹாமா)

யார் சொன்னது? இங்கே குடியிருப்பவர் 3 மாதத்துக்குள் திரும்பினால் அந்த ஒரு வருடக் கணக்கு புதிதாகத் தொடங்காது. பிடிபட்டால் உரிமமில்லாமல் ஓட்டிய குற்றம். ஜப்பான் லைசென்ஸாக மாற்றுங்கள். 2025 அக்டோபரிலிருந்து எழுத்துத் தேர்வு 50 கேள்வி, 45 சரியாக வர வேண்டும். முன்பு 10க்கு 7 போதும். இன்றைக்கே படிக்க ஆரம்பியுங்கள்.

கே: 80,000 யென்னுக்குப் பழைய கேய் கார் கிடைக்கிறது. வாங்கலாமா? (குன்மா)

ஷாகென் என்ற கட்டாய வாகனப் பரிசோதனை எத்தனை மாதம் பாக்கி என்று எழுதவே இல்லையே! முடிந்திருந்தால் அதற்கே ஒரு லட்சம் யென் வரை ஆகலாம். 13 வருடம் தாண்டிய வண்டி என்றால் வரியும் கூடும். அப்புறம் காப்பீடு: கட்டாயக் காப்பீடு அடிபட்ட ஆளுக்கு மட்டுமே. அடுத்தவர் கார் நசுங்கினாலும் கடையின் கண்ணாடி உடைந்தாலும் பணம் உங்கள் கையிலிருந்துதான் போகும். தனிக் காப்பீடு எடுத்த பிறகுதான் சாவியைத் தொட வேண்டும். உங்கள் பக்கம் நிறுத்த இடம் தாராளமாகக் கிடைக்கும். ஆனாலும் அதை வாய்ப்பேச்சில் விடாமல், வாடகை ஒப்பந்தத்தைக் கையில் வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.