வாசலில் வந்து உட்கார்ந்த பூனை யாருடையது?

வாசகரின் கேள்வி: "ஐந்து நாளாக ஒரு பூனை எங்கள் வாசற்படியை விட்டு நகர மாட்டேன் என்கிறது. வெள்ளை உடம்பில் மஞ்சள் திட்டுகள். தூக்கினாலும் பேசாமல் இருக்கிறது. மகள் பெயர்கூட வைத்துவிட்டாள். ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருக்கிறது, தங்கை ஆறு மாதக் கர்ப்பிணி. இதை வைத்துக்கொள்வதா, எங்கேயாவது தூரமாகக் கொண்டுபோய் விட்டுவிடுவதா?"

அந்தக் கேள்வியை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். இது ஏற்கெனவே வேறு யாராவது வளர்க்கும் பூனையா என்று தெரியாமல் இரண்டில் எதைச் செய்தாலும் தப்பாகப் போகலாம். தூக்கினால் பேசாமல் இருக்கிறது என்கிறீர்களே, அதுதான் எனக்கு இடிக்கிறது. தெருவில் பிறந்து மனிதர் கை படாமலே வளர்ந்த பூனை ஐந்தாம் நாளில் தூக்க விடாது. மனிதரோடு பழகிக்கொள்கிற பருவம் பூனைக்கு ரொம்பக் குறுகியது. பிறந்த இரண்டாவது வாரத்தில் தொடங்கி, ஏறக்குறைய ஏழாவது வாரத்தோடு முடிந்துவிடும். அந்த நாட்களில் உங்கள் விருந்தாளியை யாரோ மடியில் வைத்துக் கொஞ்சியிருக்கிறார்கள். அவர்கள் இப்போதும் தேடிக்கொண்டிருக்கலாம். (இதையே தலைகீழாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வழி தவறிய வீட்டுப் பூனையும் பயத்தில் சீறும், பதுங்கும். அமைதியான இடத்தில் இரண்டு மூன்று நாள் இருந்தால்தான் அதன் உண்மையான குணம் தெரியும்.)

சரி, முதலில் காதைப் பாருங்கள். ஒரு காதின் நுனி கத்தரித்ததுபோல் நேர்க்கோடாக இருந்தால், கருத்தடை செய்து அதே இடத்தில் திரும்ப விடப்பட்ட பூனை என்று அர்த்தம். சண்டையில் கிழிந்த காது இப்படி இருக்காது, கோணல்மாணலாக இருக்கும். அடுத்து கழுத்து. பட்டை போட்டிருந்தால் அந்த இடத்தில் மயிர் படிந்து ஒரு வளையம்போல் தெரியும்.

அப்புறம் வயிறு. இதைத்தான் பலரும் பார்க்காமல் விடுகிறார்கள். வெள்ளையும் மஞ்சளும் என்றால் கடுவனாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஆனாலும் நிச்சயமில்லை. பாலூட்டுகிற பூனையின் காம்புகளைச் சுற்றி மயிர் உதிர்ந்து, தோல் இளஞ்சிவப்பாகத் தெரியும். ஒருமுறை "அநாதைப் பூனை டாக்டர், நேற்றிலிருந்து அறைக்குள்ளேயே பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மேசையில் படுக்க வைத்து வயிற்றை லேசாக அழுத்தினேன், பால் வந்தது. பிடித்த இடத்திலேயே போய் விடச் சொன்னேன். கூடையைத் திறந்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடி, அடுக்கி வைத்திருந்த பலகைகளுக்குப் பின்னால் நுழைந்திருக்கிறது. உள்ளே மூன்று குட்டிகள், கண்கூடத் திறக்கவில்லை. நல்ல எண்ணத்தோடு பூட்டிய கதவு அது.

வயிற்றில் அப்படி எதுவும் இல்லையென்றால் ஒரு காகிதப் பட்டை செய்யுங்கள். லேசான தாளில் "இந்தப் பூனை உங்களுடையதா?" என்று எழுதி, கீழே ஒரு தொலைபேசி எண். எங்கேயாவது மாட்டினால் தானே கிழிந்துவிடுகிற அளவுக்கு ஒட்டிக் கழுத்தில் போடுங்கள். நூலோ ரப்பரோ வேண்டாம். பாதி நேரம் நாலு வீடு தள்ளியிருந்து பதில் வரும், "அது எங்கள் வீட்டுப் பூனைதான், சும்மா ஊர் சுற்றும்" என்று. மகளிடமும் இப்போதே சொல்லிவையுங்கள், இதற்கு வேறொரு பெயர் ஏற்கெனவே இருக்கலாம்.

கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால் மைக்ரோசிப் இருக்கிறதா என்று ஸ்கேனரில் பார்ப்பார். அரிசிமணி அளவு சில்லு அது, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் இருக்கும். சில சமயம் நகர்ந்து முன்னங்கால் பக்கம் இறங்கிவிடும். அதனால் உடம்பு முழுக்க ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் இருப்பது பெரும்பாலும் 15 இலக்க எண் மட்டும்தான். அந்த எண் எங்கே பதிவாகியிருக்கிறதோ அங்கேதான் உரிமையாளரின் விவரம் கிடைக்கும். படம் போட்டு அறிவிப்புக் கொடுப்பதானால் ஓர் அடையாளத்தை மட்டும் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள், வால் நுனியின் நிறமோ பாதத்துத் திட்டோ. உண்மையான உரிமையாளர் கேட்காமலே அதைச் சொல்லிவிடுவார்.

இந்த நாட்களில் உங்கள் வீட்டுப் பூனையும் புதுப் பூனையும் ஒன்றையொன்று பார்க்கவே வேண்டாம். தனி அறை, தனிக் கிண்ணம், தனி மணல் தட்டு, இரண்டு வாரம். நான் பயப்படுவது சண்டைக்கு அல்ல, பன்லூகோபீனியா என்ற பூனைத் தொற்றுநோய்க்கு. அதைத் தருவது நாய்களின் பார்வோ வைரஸுக்குச் சொந்தக்கார வைரஸ். தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில், ஒரு வருடம்வரைகூட உயிரோடு கிடக்கும். நீங்கள் புதுப் பூனையைத் தடவிவிட்டுக் கை கழுவாமல் பழைய பூனையைத் தூக்கினாலே போதும். உங்கள் பூனையின் தடுப்பூசி நாள் தாண்டியிருந்தால் முதலில் அதைப் போடுங்கள். புதியதற்கு எஃப்.ஐ.வி. (பூனைகளின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்), எஃப்.இ.எல்.வி. (பூனைகளின் லுகேமியா வைரஸ்) இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்த பிறகே அறிமுகம்.

நீங்களாக மருந்து எதுவும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். நாய்களுக்கான தெள்ளுப்பூச்சி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதுவும் அப்படித்தான். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். குட்டிப் பூனைதானே என்று ரேபிஸ் விஷயத்தில் அலட்சியம் கூடாது.

தங்கையைப் பற்றிய கவலை நியாயம்தான், ஆனால் பூனையை விரட்டுகிற அளவுக்கு இல்லை. கர்ப்பத்தில் தொற்றினால் வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா, பூனையின் மலத்தில் வெளியேறும் கிருமி. வெளியேறிய உடனே அது தொற்றாது, தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் பிடிக்கும். மணல் தட்டைத் தினமும் வேறு யாராவது சுத்தம் செய்தால் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். வேகாத இறைச்சி, கழுவாத காய்கறி வழியாகவும் அது வரும் என்பதைப் பூனையைக் கைகாட்டுகிற பலர் மறந்துவிடுகிறார்கள்.

தூரமாகக் கொண்டுபோய் விடுவது மட்டும் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பூனை ஆளை நம்புவதைவிட இடத்தை நம்பி வாழும் பிராணி. எங்கே தண்ணீர், எங்கே ஒளிவது, எந்தக் கடுவனிடம் ஒதுங்கிப் போவது என்பதெல்லாம் அதற்கு அந்த இடத்தில்தான் தெரியும். புது இடத்தில் முதல் நாளே அங்கிருக்கும் பூனைகளிடம் அடி வாங்கும். இல்லையென்றால் பழைய இடத்தைத் தேடிச் சாலையில் இறங்கும்.

ஒரு வாரம் ஆகியும் யாரும் வரவில்லை, உங்களாலும் வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால் அதில் குற்ற உணர்ச்சி எதற்கு? வேறு வீடு தேடுங்கள். ஆனால் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துவிட்டே கொடுங்கள். வாங்குகிறவர் செய்துகொள்வார் என்று நம்பிக் கொடுத்த பூனைகள் பலவற்றை அடுத்த சில மாதங்களில் நிறைமாதமாகப் பார்த்திருக்கிறேன். பெண் பூனை நாலு மாதத்திலேயே சினையாகலாம், சினைக்காலம் ஒன்பது வாரம்தான். கொடுக்கும்போது அது படுத்துத் தூங்கிய துணியைத் துவைக்காமல் கூடவே அனுப்புங்கள். புது வீட்டில் தன் வாசனை கொஞ்சம் இருந்தால், முதல் இரண்டு நாள் கட்டிலுக்கு அடியில் கிடந்தாலும் சாப்பிடவாவது வெளியே வரும்.